பக்கத்து சீட் பிரேக்

அம்மா இருபத்தெட்டு வருஷம் காரில் போய்க்கொண்டே இருந்தாள். ஸ்டியரிங் மட்டும் அவள் கையில் இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட் அவளுடையது. அந்த சீட்டுக்கு முன்னால் தரையில் ஒரே ஒரு பெடல் உண்டு, பிரேக். ஓட்டுகிறவர் மறந்தால் அம்மா மிதிப்பாள். மறப்பதற்கு முன்னாலேயே மிதித்துவிடுவாள் என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் சொல்வார்கள். முகத்துக்கு நேரே "டீச்சர்", முதுகுக்குப் பின்னால் "பிரேக்கம்மா". அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாமல் இல்லை. போனை எடுத்ததுமே, "பிரேக்கம்மா பேசறேன். நாளைக்கு ஆறரைக்கு வந்துடுங்க. உயரமான செருப்பு வேண்டாம்" என்பாள்.

வண்டியை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் வேலையை நிறுத்தாது. பஸ்ஸில் போனால் பஸ்ஸுக்கும் சேர்த்து மிதிக்கும். டிவியில் எவனாவது வண்டியை விரட்டினால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் 'டப்'பென்று சத்தம் கேட்கும். மகள் தலை நிமிராமலே, "அது டிவிம்மா" என்பாள்.

"அவனுக்குத் தெரியலையே, சந்துல ஒரு சைக்கிள் வருது."

மகளுக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். வாசலில் வெள்ளைக் கார், அதன் தலையில் மஞ்சள் பலகை.

அந்தக் காலால் ஒருமுறை ஒரு கேடும் வந்தது. தெருக்கோடியில் தையல் கடை வைத்திருந்த அக்கா ஒருத்தி நாற்பத்தோரு வகுப்பு வந்தாள். பயந்த சுபாவம். எதிரே ஆட்டுக்குட்டி வந்தாலும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அம்மா நாற்பத்தோரு வகுப்பும் அவளுக்காக மிதித்தாள். லைசென்ஸ் தேர்வு நடந்தது ஸ்கூல் காரில்தான். அதிகாரி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றும் அம்மாவின் கால் அவருக்குத் தெரியாமல் இரண்டு இடத்தில் அழுந்தியது. தையல்கார அக்கா பாஸ். மூன்றாவது வாரம் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் மோதினாள். இடது கால் முறிந்தது. போலீஸ் வந்து பார்த்தபோது தார் ரோட்டில் டயர் தேய்ந்த தடமே இல்லை. அவள் பிரேக்கைத் தொடவே இல்லை.

"அவ எதுக்குத் தொடணும்?" என்றாள் அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து. "அவ கத்துக்கிட்ட வண்டி தானா நிக்கும்."

எட்டு மாதம் கழித்து, நொண்டி நடந்த தையல்காரியை அம்மா போய் அழைத்து வந்து மறுபடியும் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தாள். கடைசி வகுப்பில், பக்கத்து சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பார்த்துக்கோ. என் கால் அங்க இல்ல. இனி உன் பாடு." அன்று தையல்காரி ஊரைச் சுற்றி வந்தாள், மோதவில்லை. அதிலிருந்து எல்லாருக்கும் அதுதான் வழக்கம். டீச்சர் சம்மணம் போட்டால் பாஸ் என்று அர்த்தம். அதிகாரி தருவது வெறும் காகிதம்.

மகளுக்கு மட்டும் அம்மா சம்மணம் போடவில்லை.

பத்தொன்பது வயதில் மகள் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். ஒரு மாதம். மகள் பிரேக்கைப் பற்றி நினைக்கும்போதே வண்டி நின்றுவிடும். "நான் போடறதுக்குள்ள ஏன் போடற?" என்பாள். "நீ போடுவியோ மாட்டியோ" என்பாள் அம்மா. கடைசி நாள், கடைசி வகுப்பு. மகள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கால் கீழேதான் இருந்தது.

"காலைத் தூக்குமா."

"அடுத்த வாரம் தூக்கறேன்."

"எல்லாருக்கும் தூக்கற."

"எல்லாரும் என் பொண்ணா?"

மகள் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, "நீயே ஓட்டு" என்று இறங்கி நான்கு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தாள். அம்மா பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வந்தாள். அதற்கப்புறம் மகள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேலை கிடைத்து வேறு ஊரில் இருந்தபோது வேறொரு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. எடுத்த லைசென்ஸை வைத்து ஓட்டவும் இல்லை.

அவளுக்குக் கிடைத்த வேலைதான் வேடிக்கை. கார் பந்தய வீடியோ கேம் செய்யும் கம்பெனி. ஒரு முழு நகரத்தைக் கட்டினார்கள். துறைமுகம், பாலம், மலைப்பாதை. விளையாடுகிறவர் எந்த ரோட்டிலும் எந்தப் பக்கமும் பறக்கலாம். மகளுடைய பொறுப்பு பந்தயக் கார்கள் இல்லை. பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாமல் அதே ரோட்டில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் சாதாரண வண்டிகள். காய்கறி வேன், டாக்ஸி, ஆபீஸ் போகிறவரின் சின்னக் கார். அவை மனிதர்கள் ஓட்டுவது மாதிரி ஓட வேண்டும். அதற்கு ஒரு மனிதர் ஓட்டிய பதிவு வேண்டும்.

"நிதானமா ஓட்டற ஆள் யாராவது கிடைக்குமா?" என்று கேட்டார் குழுத் தலைவர். எந்த வாக்கியத்தையும் ஒரு தேதியில்தான் முடிப்பார் என்பதால் அவருக்கு ஆபீஸில் 'தேதி' என்று பெயர். "பதினைஞ்சாம் தேதிக்குள்ள?"

மகள் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விளையாட்டு ஸ்டியரிங் ஒன்றைப் பொருத்தினாள். கீழே பெடல்கள். மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா அந்த நகரத்தில் ஓட்டினாள். மொத்தம் அறுபத்தொரு மணி நேரம். பதிவில் கூடவே பந்தயக் கார் ஒன்றும் ஓட வேண்டியிருந்தது. அதை மகளே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தனித் திரையில் ஓட்டினாள். சந்தில் புகுந்தாள், நடைபாதையில் ஏறினாள், பாலத்திலிருந்து பறந்தாள்.

அம்மா சிவப்பு விளக்கில் நின்று, இண்டிகேட்டர் போட்டு, திரும்பினாள். "இந்த ஊர்ல நடக்கறதுக்கு ஒரு ஆள் கூட இல்லையேடி. யாருக்காக சிக்னல் வச்சிருக்கீங்க?"

"அழகுக்கும்மா."

பதிவை அலசியபோது ஒன்று தெரிந்தது. அம்மா சில இடங்களில் காரணமே இல்லாமல் பிரேக் போட்டிருந்தாள். முன்னால் வெற்று ரோடு, சிக்னல் பச்சை. நானூற்றுப் பன்னிரண்டு தடவை. மகள் குறிப்பேட்டில் 'எச்சரிக்கையான ஓட்டுநரின் இயல்பு, இருக்கட்டும்' என்று எழுதி அப்படியே விட்டுவிட்டாள். நகரத்து வண்டிகள் எல்லாம் அந்தப் பதிவிலிருந்து கற்றுக்கொண்டன.

கேம் வெளிவந்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை. கால்கள் வீங்கிவிட்டன. நான்காவது மாடி, ஜன்னலோரக் கட்டில், கீழே ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடம். எந்த டிரைவர் எப்படி ரிவர்ஸ் எடுக்கிறார் என்று அம்மா நர்ஸிடம் விமர்சனம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் கேமுக்கு என்ன எழுதறாங்க? படி."

மகள் போனைத் திறந்தாள். "'ரோடுகள் அழகு. வண்டி கைக்கு அடங்கி ஓடுகிறது. ஆனால்...'"

"ஆனாவுல இருந்து படி."

"'ஆனால் இந்த ஊரின் மற்ற வண்டிகள் பைத்தியம் பிடித்தவை. நான் முழு வேகத்தில் வரும் நேரம் பார்த்து, காரணமில்லாமல் பிரேக் போடுகின்றன. வேகத்தை விற்கும் ஒரு விளையாட்டில் இவ்வளவு பயம் எதற்கு?'"

"எத்தனை மார்க்?"

"பத்துக்கு அஞ்சு."

"லைசென்ஸ் கிடைக்காது. அடுத்தது?"

"ஒன்பது."

"இவனுக்குச் சொந்தக்காரன் யாரோ உங்க ஆபீஸ்ல இருக்கான்."

மகள் சிரித்துக்கொண்டே படித்தாள். "'முதல் நாள் எனக்கும் எரிச்சல்தான். பிறகு கவனித்தேன். நான் வளைவைத் தவறவிடப் போகும்போது, சுவரில் மோதப் போகும்போது, அப்போது மட்டும்தான் முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் ஒரே சமயத்தில் எரிகின்றன. எனக்குத் தெரிவதற்கு ஒரு கணம் முன்னால். இந்த நகரத்தில் யாரோ எனக்காகக் கவலைப்படுகிறார்கள்.'"

மகள் மற்றவற்றையும் படித்தாள். ஆறு, ஏழு, நான்கு, எட்டு. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நூற்றுக்கு அறுபத்தைந்து.

"பாஸ்னும் சொல்ல முடியாது, ஃபெயில்னும் சொல்ல முடியாது" என்றாள் அம்மா. ஜன்னலைப் பார்த்தபடியே, "ஞாயித்துக்கிழமை நீ என் பக்கத்துல உக்காந்து ஓட்டினியே" என்றாள்.

"ஆமா."

"நான் என் வண்டியையா பார்த்துட்டிருந்தேன்னு நினைக்கற?"

மகள் வராந்தாவுக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்து, பழைய பதிவைத் திறந்தாள். தன் பந்தயக் கார் எதிலாவது மோதவிருந்த நேரங்களை ஒரு கோடாகவும், அம்மாவின் பிரேக் பெடலை இன்னொரு கோடாகவும் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். அம்மா ஓட்டியது ஒரு வண்டி. பிரேக் போட்டது இன்னொரு வண்டிக்கு. பக்கத்துத் திரையில் மகள் சுவரை நோக்கிப் போகும்போதெல்லாம், முக்கால் வினாடி முன்னால், அம்மாவின் கால் அழுந்தியிருந்தது.

திரும்பி வந்து சொன்னாள். "நானூத்திப் பன்னெண்டுல முந்நூத்தித் தொண்ணூத்தேழு எனக்காகப் போட்டது."

"மீதி பதினைஞ்சு?"

"தெரியலை. பொருந்தலை. தும்மியிருப்ப."

"அதுவும் உனக்குத்தான். உன் கணக்குல ஏதோ தப்பு."

மறுநாள் 'தேதி' போன் செய்தார். நல்ல மனிதர், முதலில் அம்மாவைப் பற்றித்தான் விசாரித்தார். "ஆனா பாருங்க, விளையாடறவங்க பாதிப் பேர் கத்தறாங்க. வெள்ளிக்கிழமை திருத்தம் வெளியிடணும். அந்த பிரேக்கை எடுக்கறதா வைக்கறதான்னு நீங்களே சொல்லுங்க. வைக்கணும்னா ஒரு பக்கம் காரணம் எழுதிக் குடுங்க. மேலிடத்துல நான் பேசிக்கறேன். வெள்ளி பதினொரு மணி."

மகளுக்கு அதை எடுக்க மனமில்லை. லட்சக்கணக்கான பேர் ஓட்டும் நகரத்தில் தன் அம்மாவின் கால் இருக்கிறது. அவள் காரணத்தை எழுத ஆரம்பித்தாள். எழுதியதை அம்மாவிடம் படித்தும் காட்டினாள்.

அம்மா கேட்டுவிட்டு, "அந்த ஒன்பது மார்க் குடுத்தவன் இப்ப எப்படி ஓட்டுவான்?" என்றாள்.

"நல்லாத்தான் ஓட்டுவான். சிவப்பு லைட்டைப் பார்த்து வேகத்தைக் குறைப்பான்."

"தையல்கார அக்காவும் அப்படித்தான் நல்லா ஓட்டினா."

"இது கேம்மா. மோதினா திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்."

"அது சரி" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "உன் பர்ஸ்ல லைசென்ஸ் இருக்கு. நாலு வருஷமா இருக்கு. சில்லறை எடுக்கறப்ப பார்த்தேன்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போட்டோ நல்லா இல்ல" என்றாள் அம்மா. "அந்த லேப்டாப்பை இங்க வை. ஓட்டு, பார்க்கறேன்."

சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் லேப்டாப் ஏறியது. மகள் கட்டிலோரத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில், கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீக்கம் வடிய வேண்டும் என்று நர்ஸ் இரண்டு தலையணை அடுக்கி அம்மாவின் கால்களை உயர்த்தி வைத்திருந்தாள்.

அம்மா தன் கால்களைப் பார்த்தாள். "பார்த்துக்கோ. டீச்சர் காலை மேல வச்சாச்சு. இனி உன் பாடு."

துறைமுகத்திலிருந்து மலை உச்சி வரைக்கும். பத்தொன்பது நிமிடம். மகள் ஒருமுறை பூந்தொட்டியில் ஏறினாள், இரண்டு முறை தடுப்புச் சுவரை உரசினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. மலைப்பாதையின் கடைசி வளைவுக்கு அவள் வேகமாகத்தான் வந்தாள். முன்னால் ஒரு காய்கறி வேன், ஒரு டாக்ஸி, இரண்டு சின்னக் கார். நான்கின் பின்னாலும் சிவப்பு விளக்கு ஒரே சமயத்தில் எரிந்தது. திரையில் அம்மாவின் கால் அழுந்திவிட்டது. மகள் ஓரக்கண்ணால் கட்டிலைப் பார்த்தாள். தலையணையின் மேல் அந்தக் கால் அசையவில்லை. விரல்கள் மட்டும் மடங்கியிருந்தன, வெள்ளையாக.

மகள் பிரேக் போட்டாள். வண்டி வளைவில் திரும்பி மேலே ஏறியது.

உச்சியில் நிறுத்திவிட்டு, "எப்படி?" என்றாள்.

"மூணாவது கியருக்கு மாத்தறப்ப அவசரப்படற."

"இதுல கியரே கிடையாதும்மா. தானா மாறிக்கும்."

"இருந்தா அவசரப்பட்டிருப்ப."

அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு மகள் டீ வாங்கக் கீழே போயிருந்தபோது அம்மா இறந்துபோனாள். திரும்பி வந்தவளின் கையில் டீ இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நர்ஸ் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஓட்டிக்கொண்டுதான் வந்தார்கள். அந்தத் தெருவில் அத்தனை கார் நின்று மகள் பார்த்ததில்லை. எல்லாம் ஓரத்தை ஒட்டி, நேராக, சரியான இடைவெளி விட்டு நின்றன. தையல்கார அக்கா நொண்டிக்கொண்டே இறங்கி வந்து மகளின் கையைப் பிடித்தாள். "உனக்குக் காலைத் தூக்கினாங்களா, கண்ணு?" என்று கேட்டாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

"தூக்கினாங்கக்கா. திங்கக்கிழமை."

வெள்ளிக்கிழமை காலை மகள் தான் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துப் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அனுப்பியிருந்தால் 'தேதி' ஒப்புக்கொண்டிருப்பார். மேலிடமும் ஒப்புக்கொண்டிருக்கும். அவள் அதை அனுப்பவில்லை. பதிவைத் திறந்து, மோதலோடு பொருந்தும் பிரேக்குகளை நீக்க ஒரு வடிகட்டி எழுதினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு போயின. மீதிப் பதினைந்தை எந்த வடிகட்டியாலும் பிடிக்க முடியவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, கையால் எடுத்தாள். அவை தனக்காகப் போட்டவை என்பதற்கு ஆதாரம் இல்லை. அம்மா சொன்னாள், அவ்வளவுதான்.

வண்டிகளை மறுபடி கற்றுக்கொள்ள வைத்து, பத்து ஐம்பதுக்கு அனுப்பினாள். மாற்றக் குறிப்பில் ஒரு வரி எழுதினாள்: 'பக்கத்து சீட் பிரேக் நீக்கப்பட்டது.'

'தேதி' போன் செய்தார். "நீங்க இன்னைக்கு வேலை செய்வீங்கன்னு நான் எதிர்பார்க்கலை. அடுத்த வாரம் பார்த்திருக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "குறிப்புல என்னவோ எழுதியிருக்கீங்களே. நம்ம கேம்ல பக்கத்து சீட்டே கிடையாதே."

"இல்லதான் சார்" என்றாள்.

திருத்தம் வெளிவந்ததும் சிலர் மறுபடி எழுதினார்கள். ஐந்து போட்டவர் ஏழு போட்டார். 'இப்போதுதான் இது விளையாட்டு. ரோடு நமக்கு வழி விடுகிறது.' ஒன்பது போட்டவர் ஏழுக்கு இறங்கினார். 'நகரத்தில் இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. நான் சுவரை நோக்கிப் போகிறேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மோதிக்கொண்டே இருக்கிறேன்.' கூட்டிப் பார்த்தால் சராசரி அதே அறுபத்தைந்துதான்.

மகள் இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் பழக்கத்தில் நிறுத்தினாள், பதிலுக்காக.

வாசலில் கார் நின்றது. ஊரின் மறுகோடியில் ஒரு பெண் புதிதாக டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கிறாள். இரண்டு பிரேக் உள்ள வண்டி அவளுக்குத் தேவை. வந்து எடுத்துக்கொள்வதாகத்தான் சொன்னாள். "நானே கொண்டு வரேன்" என்றாள் மகள்.

ஏழு கிலோமீட்டர். கிளம்பிய இடத்திலேயே இரண்டு முறை என்ஜின் அணைந்தது. மஞ்சள் பலகையைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசல், மார்க்கெட் முக்கு, ரயில்வே கேட். ஆறு இடத்தில் பிரேக் போட வேண்டியிருந்தது. ஆறு தடவையும் அவள் கால்தான். ஒவ்வொரு தடவையும் வண்டி அவள் நினைத்ததற்குக் கொஞ்சம் தள்ளியே நின்றது.

அந்தப் பெண் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். கதவைத் திறந்து குனிந்து பெடல்களைப் பார்த்தாள். ஓட்டுகிறவரின் பிரேக் ரப்பரில் கோடுகள் இன்னும் இருந்தன. பக்கத்து சீட் பிரேக் ரப்பரில் ஒரு கோடு கூட இல்லை. வழவழவென்று இருந்தது.

"இதை மாத்திடணும். வழுக்கும்."

"மாத்துங்க."

"ஒரு சுத்து போயிட்டு வரலாமா? நீங்களே ஓட்டுங்க. சத்தம் எப்படி இருக்குன்னு கேக்கணும்."

அவள் பக்கத்து சீட்டில் ஏறினாள். மகள் வண்டியை எடுத்தாள். மைதானத்தைச் சுற்றி அகலமான ரோடு; காலை வெயில், ஆள் அதிகம் இல்லை. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. அந்தப் பெண் என்ஜின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டாள். டீச்சர்களுக்கே உரிய பார்வையோடு மகளின் கைகளையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் ஓட்டறீங்க. மூணாவதுக்கு மாத்தறப்ப மட்டும் கொஞ்சம் அவசரப்படறீங்க."

மகள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வண்டியை ஓரம் கட்டினாள்.

"என்னங்க, ஏதாவது கோளாறா?"

"இல்லைங்க" என்றாள் மகள். "ஒரு நிமிஷம்."

இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பக்கத்து சீட்டில் காத்திருந்தாள்.